மல்லிகாவின் லேப்டாப்

கம்போங் ராஜா ஊரை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முதுகில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, பாதி சோப்பு. பனியனுக்குள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் போட்ட இரண்டு பென் டிரைவ்.

நாங்கள் ஆறு பேர் படுத்திருந்த தோட்டத்து அறைக்குள் முந்தின நாள் மழையில் சேறு புகுந்துவிட்டது. பாய், அரிசி, அடுப்பு எல்லாம் போயிற்று. இரண்டு நாளில் சரி செய்து தருகிறேன் என்றார் தவுக்கே. நல்ல முதலாளிதான். ஆனால் சேற்றை அள்ளிக் கொட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இங்கே இனி என் கால் நிற்காது. போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

ஏன் எந்த ஊரிலும் நிற்பதில்லை என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். பதில் தெரிந்திருந்தால் இந்தத் தொடரை முதல் வாரத்திலேயே முடித்திருப்பேன்.

சாலையின் இரண்டு பக்கமும் காய்கறிக் குடில்களின் வெள்ளை பிளாஸ்டிக். உரநாற்றம். பல வளைவுகள் அப்படியே போனது. பிறகு ஒரு வளைவில் பிளாஸ்டிக் சட்டென்று நின்றது. தேயிலை தொடங்கியது. மலைக்கு மலை, ஒரே உயரத்தில் வெட்டிய பச்சை. நடுநடுவே மேகம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்தச் சாலையில் ஏழெட்டு முறை போயிருக்கிறேன், எல்லாம் லோரிக்குப் பின்னால், முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில். நடந்து வந்து பார்த்தது அன்றுதான். பையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியாகச் சொன்ன வேலை

உரமூட்டை ஏற்றிய எஸ்டேட் லோரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் கம்பளிக் குல்லா. பெயர் முருகையா என்று பிறகு தெரிந்தது.

“எங்கண்ணே போறீங்க?”

“தெரியல. வேலை எங்க இருக்கோ அங்க.”

“ஏறுங்க லா. மழை வருது.”

ஏறினேன். இரண்டு வளைவு தாண்டியதும் கேட்டார். “என்னா வேலை தெரியும்?”

“உரம் போடுவேன். சிமெண்டு கலப்பேன். டயர் மாத்துவேன். ரொட்டி சானாய் போடுவேன், வட்டமா வராது. பழைய கம்ப்யூட்டர எழுப்பி விடுவேன்.”

முருகையா பிரேக்கை மிதித்தார். பின்னால் மூட்டைகள் ஒன்றோடொன்று மோதின.

“கடைசியா என்ன சொன்னீங்க?”

திரும்பவும் சொன்னேன். லோரியை ஓரம் கட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி மல்லிகா தேயிலை வெட்டுகிறவர். ரிங்லெட்டில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்காணல். கேட்கிறவர்கள் குவாந்தானில் இருப்பதால் எல்லாம் வீடியோவில்.

“பேசிக்கிட்டே மலாய்ல ஒரு கடுதாசி டைப் அடிச்சிக் காட்டணுமாம். கம்ப்யூட்டர்லதான் செய்யணும், போன் கூடாதுன்னு போட்டிருக்கான். வீட்ல ஒரு லேப்டாப் இருக்கு. அதத் தொறந்து வெச்சிட்டு நான் டவுனுக்குப் போயிட்டு வந்துரலாம், அது அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். டவுன்ல காட்டினோம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னுட்டாங்க.” சற்று நிறுத்தி, “அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிரும்ணே. இதான் கடைசி,” என்றார்.

ஒரு பூனைப் படம்

நான் படித்தது படிவம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு, வரை. கணினி, யாரும் என்னைக் கூப்பிட்டுக் கற்றுத்தந்த வித்தை இல்லை.

கிள்ளானில் பழைய மின்பொருட்களை உடைக்கும் யார்டு ஒன்றில் காவலுக்கு இருந்தேன். ஒரு கொண்டெய்னரில் படுக்கை. பகலில் உடைப்பதற்காக வந்த லேப்டாப்புகள் என் தலைமாட்டில் அடுக்கியிருக்கும். பொழுது போகாமல் ஒன்றைத் திறந்தேன். உயிர் இருந்தது, படம்தான் வரவில்லை. இணையத்தில் தேடி, லினக்ஸ் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லினக்ஸ் என்பது கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருள். பல நாட்டுக்காரர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்க்கும் திரை, பட்டை, பொத்தான் எல்லாம் அதன் மேல் வேறு ஒரு அடுக்கு. அதில் பங்களா மாதிரி அடுக்குகளும் உண்டு, எஸ்டேட் ஆட்கள் இருக்கும் லயத்து வரிசை வீடு மாதிரி அடுக்குகளும் உண்டு. லயத்து வீட்டில் இரண்டு அறைதான். ஆனால் அதற்குள் சமைக்கலாம், படுக்கலாம், கல்யாணப் பேச்சும் பேசலாம். பழைய கணினிக்கு அதுதான் சரி. நான் பழகியதன் பெயர் எக்ஸ்எஃப்சிஇ.

அன்றைக்கு யார்டில், லினக்ஸை ஏற்றியும் திரை கறுப்பாகவே நின்றது. ஓர் இணைய மன்றத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் கேள்வி போட்டேன். சில நிமிடத்தில் யாரோ பதில் எழுதினார். இதைத் தட்டு, என்ன வருகிறது என்று சொல். தட்டினேன், சொன்னேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. நடுவில் ஒரு முறை, வாசலில் பனி குவிந்துவிட்டது, அள்ளிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதினார். அவர் பெயர் தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம். மூன்றாம் நாள் திரை வந்தது. கொண்டெய்னருக்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். யாருக்காக எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பனி அள்ளுகிற ஒருவர், கிள்ளானில் குப்பைக்குக் காவல் இருப்பவனோடு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார்.

“அழிச்சிருவீங்களா?”

முருகையாவின் வீட்டு வாசலில் காத்திருந்தோம். மல்லிகா மலையிலிருந்து இறங்கி வரும்போது மூன்று மணி. இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட், காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. முருகையா என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சேற்றுக் காற்சட்டையோடு நிற்பவன் மேல் யாருக்கும் நம்பிக்கை வராது.

“பசியாறிட்டீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டார். ரொட்டியும் சம்பலும் வந்தன. சாப்பிட்டேன்.

லேப்டாப் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. வைரஸ் ஊரடங்கு காலத்தில் மகளின் வீட்டுப் பாடத்துக்கு வாங்கியது. மகள் இப்போது ஜொகூரில் தொழிற்சாலை வேலை. அவள் போனபிறகு அது ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். மூடிமேல் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். திறந்தால் உள்ளேயும் வைத்திருந்தார்கள். பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று செருகிக் கிடந்தது.

இரண்டு ஜிபி நினைவகம். தட்டுவதும் காத்திருப்பதுமாக, உள்ளே இருப்பதைப் பார்க்கவே அரைமணி நேரம் பிடித்தது.

“இதுக்குள்ள இருக்கறத எல்லாம் எடுத்துட்டு வேற போடணும்க்கா,” என்றேன்.

“அழிச்சிருவீங்களா?”

“ஆமா.”

“மவ படம் இருக்கு.”

முதலில் அதைத்தான் எடுத்தேன். பள்ளிச் சீருடையில், லூமுட் கடற்கரையில், கேக்கின் முன்னால். ஒவ்வொன்றும் பென் டிரைவுக்குப் போகிறதா என்று மல்லிகா எண்ணிக்கொண்டே நின்றார். எல்லாம் வந்துவிட்டதைத் திறந்து காட்டியபிறகுதான், “சரி, அழிங்க,” என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்னொரு பென் டிரைவைச் செருகி லினக்ஸை ஏற்றினேன். வெளியே மழை தகரத்தில் இரைந்தது. விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது; நடுவில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. முருகையா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். எழுந்துபோய் முருகன் படத்துக்கு ஒரு சூடம் கொளுத்தினார்.

ஏறி முடிந்தது. அணைத்து மீண்டும் போட்டேன். மல்லிகா தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் திரை வந்து நின்றது. எவ்வளவு நினைவகம் எடுத்திருக்கிறது என்று பார்த்தேன். கால் பங்கு. மற்றதெல்லாம் காலியாக, மழை நின்ற மைதானம் மாதிரி கிடந்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர் சிலிர்க்கும்.

“அதுக்குள்ளயா?” என்றார் முருகையா. “நான் இன்னும் கண்ணாடியே போடல லா.”

யாரோ செய்து வைத்த கட்டம்

பிறகுதான் உண்மையான வேலை. கணினி ஓடினால் போதாது, அந்த வீட்டுக்காரிக்கு ஓட வேண்டும்.

ஜன்னல்களுக்கு நிழல் போடும் அலங்காரத்தை நிறுத்தினேன். பட்டையைக் கீழே இறக்கிப் பெரிதாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். திரையில் மூன்றே படங்கள்: வீடியோ பேச, கடிதம் எழுத, மகள் படங்கள் பார்க்க.

“பின்னால தேயிலை மலை படம் போடுங்கண்ணே, நல்லா இருக்கும்,” என்றார் முருகையா.

“காலையிலேர்ந்து அதுக்குள்ளதான நிக்கிறேன். வீட்லயும் அதுவா?” என்றார் மல்லிகா. “கடல் போடுங்க.”

லூமுட் கடல் வந்தது.

எழுதிப் பார்க்கச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு விரலால் ‘சாயா’ என்று, நான் என்ற அந்த முதல் சொல்லை மலாயில் அடித்தார். கடைசி எழுத்து நிற்காமல் வரி முழுக்க ஓடியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் ஓடியது. படத்தை இரண்டு முறை தட்டித் திறக்கச் சொன்னேன். இரண்டாவது தட்டு வேறெங்கோ விழுந்தது. கைகளை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“தேயிலை வெட்டற மெசின் புடிச்சிப் புடிச்சி இப்படி ஆயிருச்சிண்ணே. சும்மா இருந்தாலும் ஆடும். டாக்டர் மெசின விடுன்னுதான் சொல்றாரு. விட்டுட்டு?”

அவருக்கு இந்த வேலை ஏன் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அமைப்புகளைத் திறந்தேன். விசைப்பலகைப் பகுதியில் ஒரு சின்னக் கட்டம்: விசையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் எழுத்து ஒரு முறைதான் விழும். அதற்குக் கீழே இன்னொன்று: நடுங்கும் விரல் ஒரே விசையில் மறுபடி மறுபடி பட்டால் கணக்கில் எடுக்காதே. வேறு பக்கத்தில் மூன்றாவது: இரண்டு முறை தட்ட வேண்டாம், ஒரு தட்டிலேயே திறக்கட்டும்.

நான் எதையும் செய்யவில்லை. மூன்று இடத்தில் குறியிட்டேன், அவ்வளவுதான். இந்த மலையை ஒருநாளும் பார்க்காத யாரோ ஒருவர், கை நடுங்குகிறவர்கள் இருப்பார்கள் என்று யோசித்து, அந்தக் கட்டங்களை எப்போதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வருடக்கணக்காக நான் அவற்றைக் கடந்து போயிருக்கிறேன், எதற்கு என்று கேட்காமல்.

மல்லிகா மறுபடி அடித்தார். ‘சாயா.’ எழுத்து நின்றது. அடுத்த சொல். அதுவும் நின்றது. கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, திரை ஆடவில்லை. அவர் விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கண் தெரியாத கேமரா

சமையலறை ஜன்னல் மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். போனை அங்கே வைத்து இணையம் எடுத்தோம். மேசையையும் அங்கேயே நகர்த்தினோம். கேமராவைத் திறந்தேன். திரையில் மல்லிகாவின் முகம் வரவில்லை. மங்கலான பழுப்பு மட்டும்.

தேடத் தொடங்கினேன். கருவி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றது. அதற்கான மென்பொருள்? இருக்கிறது. கேமரா பக்கத்தில் சிறு விளக்கும் எரிந்தது. வேறு செயலியில் பார்த்தேன், பழுப்பு. அணைத்துப் போட்டேன், பழுப்பு. கட்டளைகளை எழுதி எழுதி ஒரு மணி நேரம் போயிற்று. மல்லிகா பானையை எடுத்தார். அரிசி களைந்தார். களைந்ததையே மறுபடி களைந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு இந்திராணி உள்ளே வந்தார். மல்லிகாவின் ஜோடி. தேயிலை வெட்டும் மெசினை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துத்தான் தூக்க முடியும். இவர்கள் இருவரும் ஒரே மெசினில் பதினோரு வருடம்.

“என்னாடி, பொணம் விழுந்த வீடு மாதிரி இருக்கு?”

“கேமரா வரலயாம்.”

இந்திராணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரையை இல்லை, திரையின் சட்டத்தை.

“அண்ணே, அதுக்கு நெத்தியில என்னண்ணே?”

பார்த்தேன். சட்டத்தின் மேல்நடுவில், கேமராவின் மேலேயே, பல ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மாலையெல்லாம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்ததும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவனும் நான்தான்.

மல்லிகா வாயில் கை வைத்தார். “ஐயோ, நாந்தான் வெச்சேன். நெத்தி எங்க இருக்குன்னு தேடுனேன். நடுவுல குட்டியா ஒரு வட்டம் இருந்துச்சி. அதுக்குன்னே விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“சாமிக்கு வெக்கற மாதிரி கண்ண அடைச்சி வெச்சிருக்கா,” என்று இந்திராணி சிரித்தார். முருகையா சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்குத்தான் அதிகம் சிரிக்க வேண்டியிருந்தது.

மல்லிகா மட்டும் தயங்கினார். “அழிக்கலாமா? குத்தமாயிராதா?”

“எடம் மாத்தி வைங்கக்கா,” என்றேன்.

ஈரத்துணியால் துடைத்தார். ஒவ்வொரு துடைப்புக்கும் திரை வெளுத்தது. பழுப்புக்குள்ளிருந்து ஜன்னல் வந்தது, பானை வந்தது, பிறகு மல்லிகாவின் முகம் முழுதாக வந்தது. இந்திராணி சட்டென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். மல்லிகா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை கேட்டுப் போகிற முகம் எப்படி இருக்கும் என்று பார்ப்பவர் மாதிரி. பிறகு கொஞ்சம் குங்குமம் எடுத்து, சட்டத்தின் கீழ்ப்பக்கம் புதுப் பொட்டு வைத்தார்.

அதற்குப் பிறகுதான் இந்திராணி தான் வந்த காரணத்தைச் சொன்னார். மறுநாள் மல்லிகாவுக்குப் பதிலாக மெசின் பிடிக்க ஒப்புக்கொண்டவளுக்குக் காய்ச்சல். ஜோடி இல்லாமல் மெசின் எடுக்க முடியாது. ஜோடி இல்லாதவர் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

“அதனால என்ன, நான் ஒரு நாள் படுத்துக் கெடக்கேன். நீ போய்ப் பேசு,” என்றார் இந்திராணி.

“நீ படுத்துக் கெடக்க நான் இன்டர்வியூவா? என்னால ஆவாது,” என்றார் மல்லிகா. சொன்ன விதத்தில், இவர் நிஜமாகவே மலைக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது.

“நான் புடிக்கிறேன்,” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

கீழ்ப்பக்கம்

காலை பெரட்டுக் களத்தில், ஆட்கள் வரிசை நிற்கும் இடத்தில், முருகையா என்னை வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

“முன்ன பின்ன மெசின் புடிச்சிருக்கியா?”

“இல்ல.”

“அப்ப கீழ்ப்பக்கம் புடி. இந்திராணி சொல்ற மாதிரி நட. அதிகமா யோசிக்காத.”

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அன்று எங்களுக்குக் கொடுத்த சரிவு லயத்துக்கு நேர் மேலே இருந்தது. நீண்டு வளைந்த சீப்பு மாதிரி மெசின். பற்களுக்குள் கத்தி ஓடும், காற்று தளிரைப் பின்னால் இருக்கும் பைக்குள் தள்ளும். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் இந்திராணி, இந்தப் பக்கம் நான். அவர் நடந்தால் நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். சரிவெல்லாம் ஐந்து மெசின்கள் இரைந்தன. பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது.

பத்து மணி நெருங்கியபோது இந்திராணி திடீரென்று எஞ்சினை அணைத்தார்.

“என்னக்கா?”

அவர் கீழே கையைக் காட்டினார். சிவப்புத் தகரக் கூரைகள். மூன்றாவது கூரை மல்லிகாவின் வீடு. சமையலறை ஜன்னல் எங்களைப் பார்த்துத் திறந்திருந்தது.

“இந்த எரைச்சல் அவ்வளவும் அவ பேச்சுக்குள்ள போவும்ணே.”

அடுத்த வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். அவர்களும் அணைத்தார்கள். மூன்றாவது மெசின் நின்றது. நான்காவது. கடைசி மெசின் சரிவின் கோடியில் தனியாக இரைந்துகொண்டிருந்தது. யாரோ துண்டை வீசிக் காட்ட, அதுவும் நின்றது.

கங்காணி மேட்டிலிருந்து கத்தினார். “என்னா எல்லாம் நின்னுட்டீங்க?”

“மல்லிகா பேசிக்கிட்டு இருக்கா கங்காணி!”

அவர் கூரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணி குடிக்கும் நேரம் ஒன்பதுக்கே முடிந்திருந்தது.

“சரி, எல்லாரும் தண்ணி குடிங்க,” என்றார்.

யாரும் குடிக்கவில்லை. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. இலையில் நின்ற நீர் சொட்டுவது கேட்டது. தூரத்து ஓடை கேட்டது. பிறகு, அந்த ஜன்னலிலிருந்து, நடுக்கமில்லாத ஒரு குரல் மலாயில் மெல்ல மேலே ஏறி வந்தது. அவ்வளவு தூரத்தில் வார்த்தைகள் எங்களுக்குப் பிடிபடவில்லை. செடிகளுக்கு நடுவில் பத்துப் பேர், கோயிலில் நிற்பது மாதிரி நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் மல்லிகா பின்கட்டுக்கு வந்து, துணிக்கொடிக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். சரிவு முழுக்க ஆட்கள் அசையாமல் நிற்பதை அப்போதுதான் கண்டார் போல. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

இந்திராணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கெடச்சிரும் அவளுக்கு. எனக்குத் தெரியும்,” என்றார். கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார், பிடித்தது. இரைச்சலுக்கு மேலே எனக்குக் கேட்கும்படி கத்தினார்:

“இனிமே நீங்கதாண்ணே என் ஜோடி. நேராப் புடிங்க!”